பகலில் எரிந்த வலைவிளக்குகள்

திரும்பி வந்த வலைவிளக்குகளின் பாசியை அன்ரோனெற் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் ஜெகதீபன் "கொண்டா, நான் தேய்க்கிறன்" என்று இரண்டு தரம் கேட்டும் கொடுக்கவில்லை. பல் தீட்டித் தேய்ந்த பிறஷ் ஒன்று, சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளி, பக்கத்தில் மீன்பெட்டி இரண்டு. பெட்டிகளுக்குள் பத்தொன்பது விளக்குகள். பத்தொன்பதும் செத்தவை.

விளக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாய் அகன்ற பிளாஸ்ரிக் போத்தில். உள்ளே சின்னப் பற்றறி மூன்று, தீப்பெட்டி அளவில் ஒரு பலகை, ஒரு சிவப்பு லைற். பலகையின் ஓரத்தில் பயற்றங்கொட்டை பருமனில் ஒரு கண். அந்தக் கண்ணில் வெயில் பட்டால் விளக்கு தூங்கும். கடலில் இருட்டினால் தானாகவே சிமிட்டத் தொடங்கும். விடத்தல்தீவுக்காரர் பின்னேரம் நண்டுவலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மிதப்பில் விளக்கு நின்றால் இரவில் அந்தப் பக்கம் வருகிற பெரிய போட்டுக்காரன் வலைக்கு மேலால் ஏறமாட்டான். நிற்காவிட்டால் விடியப் போய்ப் பார்க்கிறவன் கையில் அறுந்த கயிறுதான் வரும்.

ஒருதரம் பற்றறி போட்டால் இரண்டு மாதம் நிற்கும் என்று அன்ரோனெற் சொல்லியிருந்தாள். வீட்டில் சொன்னதில்லை. மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில், அறுபது ஆம்பிளைகளுக்கு முன்னால் எழும்பி நின்று சொன்னாள். பன்னிரண்டாம் நாள் முதல் விளக்கு செத்தது. மூன்று கிழமைக்குள் பத்தொன்பது.

சங்கத் தலைவர் லோறன்ஸ் நேற்று வந்து வாசலில் நின்றபடியே கதைத்துவிட்டுப் போயிருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வருவன், பிள்ளை. அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பார். இல்லாட்டி அறைப் பூட்டின்ர திறப்பைத் தந்திடு. கொழும்புக் கொம்பனி லைற் எடுக்கிறதெண்டு கொமிற்றியில கதைச்சாச்சு. இந்த அறையில ஐஸ்பெட்டி வைப்பம்."

"ஓம் அண்ணை," என்றாள் அவள்.

இன்று புதன்கிழமை.

அந்தத் திறப்பு ஒரு சாதாரண இரும்புத் திறப்புத்தான். ஆனால் அவள் கைக்கு அது வந்து சேர முப்பத்திமூன்று வயதாகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு தாய் தகப்பனோடு சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகும்போது அவளுக்குப் பதினொரு வயது. மண்டபம் முகாமில் இருபத்தொரு வருஷம். பத்துக்குப் பத்தடி வீடு, நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டால் அதுதான் கதவு. சிஸ்ரர்மார் நடத்திய ஆறுமாத வகுப்பில் தையல் மெசின் போதாமல் போனதால், அவளையும் இன்னும் மூன்று பெட்டைகளையும் ரேடியோ திருத்துகிற பக்கம் இருத்தினார்கள். மெசின் காலியானதும் மற்ற மூவரும் எழும்பித் தையலுக்குப் போய்விட்டார்கள். இவள் எழும்பவில்லை.

பிறகு இராமநாதபுரத்தில் ஒரு கடை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்குப் பின்னால் பதினான்கு வருஷம் இருந்து ரேடியோ, டிவி, எமர்ஜென்சி லைட் எல்லாம் திருத்தினாள். முதலாளி தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து "ஆச்சாம்மா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், "நானே பார்த்தேன் சார், சின்ன ஃபால்ட்டுதான்" என்று கொடுப்பார். அவர் கெட்ட மனுசனில்லை. முகாமில் இருக்கிற பெண் திருத்தியது என்றால் சனம் சாமானைக் கொண்டுவராது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாலை ஆறுமணிக்கு முதல் முகாம் வாசலுக்குப் போய்விடவேண்டும் என்பதால், வேலை முடிந்ததும் முடியாததும் அப்படியே கிடக்க ஓடுவாள்.

முகாமிலேயே ஜெகதீபனைக் கட்டினாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஊர் திரும்பினார்கள். கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கிற தொல்லை நின்ற நேரம். ஏதோ ஒரு உதவித் திட்டத்தில் சங்கத்துக்கு மூன்று அறைக் கட்டிடம் கிடைத்தது. ஒன்று ஐசுக்கு, ஒன்று கணக்கெழுதுகிற கந்தோருக்கு, ஒன்று சும்மா. அந்தச் சும்மா கிடந்த அறையை அவள் கேட்டாள். "பல்லி முட்டை போடுற அறைதானே, இருந்து பார்," என்று திறப்பைக் கொடுத்தவரும் இதே லோறன்ஸ்தான். அவள் ஒரு தகரத்தில் 'அன்ரோனெற் மின் திருத்தகம்' என்று பச்சை மையால் எழுதி வாசலுக்கு மேலே அடித்தாள். அடித்தபோது தகரம் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்து போயிற்று. கழற்றி நேராக்கவில்லை. அந்த வாசலில் யார் போனைக் கொண்டுவந்தாலும் ரோச்சைக் கொண்டுவந்தாலும், திருப்பிக் கொடுக்கும்போது "நான்தான் பார்த்தனான், திரும்பக் கரைச்சல் தந்தால் கொண்டுவாங்கோ" என்று ஒரு வசனம் சொல்லுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

கழுவிய விளக்குகளை வரிசையாய்த் துணியில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் நம்பர்.

"பற்றறி பிழைபோல," என்றான் ஜெகதீபன்.

"பற்றறி நல்லது. ஒரே பெட்டியில வாங்கினது. ஆரோ குடிக்கினம்."

"ஆர் குடிக்கிறது? கடலுக்க நிக்கிற போத்திலுக்க ஆர் போறது?"

"அதைத்தான் பாக்கவேணும்."

ஜெகதீபன் தலையைச் சொறிந்தான். "கரையில என்ன கதைக்கினம் தெரியுமே? ஹலீம் நானான்ர ஆறு லைற்றும் நிண்டு எரியுதாம். நானாவுக்கு நல்ல பற்றறி, எங்களுக்குப் பழசு எண்டு சொல்லுறாங்கள்."

"சொல்லுவினம்."

"இன்னொருத்தன் சொல்லுறான், அக்கரையில படிச்ச லைற், அக்கரைக்காரன்ர போட் வரேக்க மட்டும் அணைஞ்சு நூந்துபோகுதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நல்லாயிருக்கு. ஆர் சொன்னது?"

"நான் சொல்லமாட்டன். நீ அவன்ர போனைத் திருத்தாமல் விட்டிடுவாய்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹலீம் ஒரு உரைப்பையோடு வந்தார். அதே தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, புத்தளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு இவர்களுக்கு ஒரு வருஷம் முந்தி ஊர் திரும்பியவர். ஊரில் ஒரு சண்டைக்குத் தன் பெயர் காரணமாக வருவதை அவர் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பையை மேசையில் கவிழ்த்தார். ஆறு விளக்கு.

"இந்தா புள்ள. எல்லாத்தையும் கழட்டிப் பாரு. ஊருல இத்தன பேர்ட லைற் நூந்து கிடக்க, என்ட ஆறும் எரியிறது எனக்கே வெக்கமாக் கிடக்கு."

"நானா, இண்டைக்கு வலை போடேல்லையோ?"

"நாளைக்குப் போடலாம். நண்டு எங்கயும் போகாது."

செத்த விளக்குக்குப் பக்கத்தில் நல்ல விளக்கு இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். அதைக் கேட்க வாய் வராமல் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். மனுசன் தானாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்.

முதலில் பற்றறிகளை மாற்றினாள். ஹலீமின் பற்றறி செத்தவற்றில் ஏழாம் நம்பருக்கு, புதுப் பற்றறி ஹலீமின் விளக்குக்கு. பிறகு ஜெகதீபனைக் கூப்பிட்டு மேசையைத் தூக்கி முற்றத்து வெயிலில் வைக்கச் சொன்னாள்.

"உள்ளுக்க இருந்து பாக்க ஏலாதோ? எல்லாரும் பாக்கப் போறாங்கள்."

"உள்ளுக்கப் பாத்தால் இதின்ர கண்ணுக்கு இரவெண்டு படும். இது தூங்கேக்க எவ்வளவு குடிக்குதெண்டுதான் எனக்குத் தெரியவேணும். தூங்குறதுக்கு வெயில் வேணும்."

முற்றம் என்றால் கரைக்குப் போகிற வழி. வலைக்காரர், ஐஸ் எடுக்க வந்தவர்கள், நண்டு எடுக்கிற லொறிக்காரன் எல்லாரும் அந்த மேசையைச் சுற்றித்தான் போகவேண்டும். தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு அவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துப் பற்றறிக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகினாள். தாளின் இரண்டு பக்கத்திலும் மீற்றரின் இரண்டு வயரைக் கவ்வவிட்டாள். இனிப் பற்றறியிலிருந்து போகிற மின்சாரம் மீற்றருக்குள்ளால்தான் போகவேண்டும். ஹலீமின் விளக்கு வெயிலில் தூங்கியது. மீற்றரின் மிகச் சின்ன அளவில் நாற்பது காட்டியது. அவள் கணக்குப் பார்த்துச் செய்ததும் அதுதான். பிறகு ஏழாம் நம்பர். மீற்றரின் முள்ளு ஒரேயடியாய்க் கடைசியில் போய் முட்டியது. பெரிய அளவுக்கு மாற்றினாள். ஹலீமின் விளக்கு ஒரு நாள் குடிப்பதை இது பத்து நிமிஷத்தில் குடித்தது.

"தூங்கேக்கயோ?" என்றான் ஜெகதீபன்.

"ஓம். தூங்குற மாதிரி நடிச்சுக்கொண்டு."

மற்றவைகளையும் பார்த்தாள். பத்தொன்பதும் ஏறக்குறைய ஒரே குடி. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன இந்தியாக்காரி, வெயில்ல வடகம் போடுறியோ?" என்று ஒருவன் கேட்டான். "ஓம், உங்களுக்குத்தான். பின்னேரம் வாங்கோ, பொரிச்சுத் தாறன்," என்றாள் தலை நிமிர்த்தாமல்.

குடிக்கிறது எது? பலகையில் உள்ள சாமான்களின் ஒவ்வொரு காலாய்த் தூக்கிப் பார்த்தாள். ஈயத்தை இளக்கி ஒரு காலைத் தூக்குவது, மீற்றரைப் பார்ப்பது, திரும்ப ஒட்டுவது. கண்ணைக் கழற்றினாள், குடி நிற்கவில்லை. சிவப்பு லைற்றைக் கழற்றினாள்; முள்ளு படுத்துவிட்டது. லைற்றைத் திரும்ப ஒட்டி, ஒரு கொப்பித் தாளைக் குழலாய்ச் சுருட்டி, லைற்றின் மேல் மட்டும் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். குழலின் அடியில், அணையப்போகிற சாம்பிராணித் தணல்போல, ஒரு மங்கல் சிவப்பு. சிமிட்டாமல் எரிந்தது. பட்டப்பகலில், கடலில், யாருக்கும் தெரியாமல் இவ்வளவு நாளும் இது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

லைற்றுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சாமான் ட்ரான்சிஸ்ரர். அதைக் கழற்றி, அந்த இடத்தை ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, புதிது ஒன்றை வைத்தாள். முள்ளு நாற்பதில் நின்றது.

"பிடிச்சிட்டியோ?" ஜெகதீபன் எழும்பி நின்றான்.

"ட்ரான்சிஸ்ரர் போல."

அந்தப் 'போல' அவன் காதில் விழவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனான். அரை மணித்தியாலத்துக்குள், பிழை கண்டுபிடித்தாயிற்று, கொழும்பிலிருந்து வந்த ட்ரான்சிஸ்ரர் சரியில்லை, மனுசி பகல் வெயிலில் இருந்து பிடித்துவிட்டாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அவளுக்கோ மனம் ஆறவில்லை. ஹலீமின் விளக்குக்குள்ளும் இதே ட்ரான்சிஸ்ரர்தான், இதே பக்கற்றில் வந்தது. கழற்றிய பழையதை எடுத்து ஒரு புதுப் பலகையில் வைத்துப் பார்த்தாள். நாற்பது. மற்றொரு பழையதையும் கழற்றிப் பார்த்தாள். நாற்பது. சாமானில் ஒரு பிழையுமில்லை. அப்படியென்றால் தான் வேறு எதையோ செய்திருக்கிறாள். என்ன செய்தாள்? கழற்றினாள், ஒட்டினாள்.

துடைத்தாள்.

கழற்றாத பலகை ஒன்றை எடுத்துப் பெரிதாய்க் காட்டுகிற கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ட்ரான்சிஸ்ரரின் கால்களுக்கு நடுவில், காய்ந்த துளி வட்டம் ஒன்று. விளிம்பில் வெள்ளைப் பூப்போல ஒரு பொடி. பலகையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நாக்கு நுனியால் தொட்டாள்.

உப்பு.

கடலில் நின்ற சாமானில் உப்பு இருப்பதில் புதினமில்லை என்று வேறு யாரும் விட்டிருப்பார்கள். ஆனால் போத்தில் மூடியில் அவள் பூசிய பசை எங்கும் விடவில்லை. கடல் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பற்றறித் தகடு கறள் பிடித்திருக்கும். தகடு கல்யாணச் சரிகைபோல மினுங்கியது. உப்பு வெளியிலிருந்து வரவில்லை. மூட முதலே உள்ளே இருந்திருக்கிறது.

மூட முதல் இந்த விளக்குகள் எங்கே நின்றன?

கையிலிருந்த பலகையை மேசையில் வைத்தாள்.

அந்தக் கரையில் எதையும் மூடி வைத்து மந்திரிக்க, ஆசீர்வதிக்கக் கொடுப்பதில்லை. புது வலையை மடித்துக் கொண்டுபோகமாட்டார்கள், விரித்துத்தான் பிடிப்பார்கள். எஞ்சினை மந்திரிக்க வந்தால் மூடியைத் தூக்குவார்கள். வீடு குடிபுகுந்தால் அலுமாரிக் கதவுகூடத் திறந்து நிற்கும். சீசன் தொடங்க முந்திய ஞாயிறு, இருபத்திநாலு விளக்கையும் இரண்டு மீன்பெட்டியில் அடுக்கிக் கோயில் வாசலில் வைத்தபோது, ஒவ்வொரு மூடியாய்க் கழற்றி வைத்தது அவளே. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த பிறகு அவளே மூடிப் பசை பூசினாள். ஹலீம் அவசரமாக வலை போடவேண்டும் என்று முதல்நாளே தன்னுடைய ஆறையும் மூடி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருபத்திநாலில் சாகாத ஐந்தும் எவை என்று நம்பரைப் பார்த்தாள். பின்பெட்டியின் பின்மூலையில் நின்றவை. சுவாமியின் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

தீர்த்தத்துக்கு உப்பு மந்திரித்துப் போடுவது வழக்கம். ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை இந்த வேலை செய்யாதே என்று யோசித்துக்கொண்டு, தீர்த்தம் கலக்கிற யோசேப்பைத் தேடிக் கோயிலடிக்குப் போனாள். மணி அடிப்பது, மெழுகுதிரி பார்ப்பது, தீர்த்தத் தொட்டி நிரப்புவது எல்லாம் அவர்தான். வயது போனவர், பழைய உப்பளத்து ஆள்.

"யோசேப் ஐயா, தீர்த்தத்துக்கு உப்பு எவ்வளவு போடுறனீங்கள்?"

அவர் ஒளிக்கவில்லை. "சுவாமி ஒரு சிட்டிகைதான் மந்திரிச்சுத் தாறவர். கடலுக்குப் போற பிள்ளையளுக்கு அது காணுமே? நான் ஒரு கை அள்ளிப் போடுறனான்." வலக்கையைக் குவித்துக் காட்டினார். உப்பளத்துக் கை. அதில் அரைக் கொத்து அரிசி நிற்கும். "ஏன் பிள்ளை?"

"சும்மா கேட்டனான், ஐயா."

ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. ஊர்க் கதை அவருக்கும் வந்திருந்தது. "லைற் செத்தது அதாலயோ?"

ஞாயிற்றுக்கிழமை லோறன்ஸ் அண்ணைக்குச் சொல்ல அன்ரோனெற்றுக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது. என்ர லைற்றில பிழையில்லை, தீர்த்தத்தில உப்புக் கூடிப்போச்சு. உண்மையான பதில். திறப்பும் அவள் கையிலேயே நிற்கும்.

"ஐயா, இது கடல்ல நிக்கிற சாமான்," என்றாள். "உப்புப் பட்டால் சாகுமெண்டால் அது செய்தவளின்ர பிழை. நீங்கள் ஏன் யோசிக்கிறியள்? போய்ச் சாப்பிடுங்கோ."

வீட்டில் ஜெகதீபனுக்கு அவள் விளக்க வேண்டியிருந்தது. கரையில் சொன்ன கதையை அவன் திருப்பி எடுக்கவேண்டுமே.

"ட்ரான்சிஸ்ரர் எண்டது வாசல் படலை மாதிரி. சின்ன விரலால தள்ளினாலே பெரிய படலை திறக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஒரு சொட்டு மின்சாரத்தைக் கசியவிட்டு, பகல் முழுக்க விரலால தள்ளிக்கொண்டு நிண்டிருக்கு. படலை பூராய்த் திறக்கேல்லை. நீக்கலாய் நிண்டிருக்கு. அதுக்குள்ளால பற்றறி முழுக்கப் போயிட்டுது."

"அப்ப உப்பைத் துடைச்சால் சரிதானே."

"துடைச்சால் இந்தமுறை சரி. அடுத்த வரியம் பசை வெடிச்சு ஒரு துளி கடல்தண்ணி போகும். திரும்பப் பன்னிரண்டு நாள். படலையைச் சாத்தின பக்கம் இழுத்துக் கட்ட ஒரு கயிறு போடவேணும். விரலால தள்ளினால் அசையப்படாது. ஆள் வந்து தள்ளினால் மட்டும் திறக்கவேணும்."

"அந்தக் கயிறு முதல்லயே இருந்திருக்கவேணுமோ?"

அவள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "இருந்திருக்கவேணும். நான் வைக்கேல்லை. கடைக்குள்ள இருந்து டிவி திருத்தின புத்தி. அங்க உப்புக் காத்து இல்லை."

ஜெகதீபன் வெள்ளிக்கிழமை காலை கரைக்குப் போய், கொழும்புச் சாமானில் பிழையில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். "அப்ப என்ன பிழை?" என்று கேட்டவர்களுக்கு, "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னானாம். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது என்று ஹலீம் பிறகு சொல்லிச் சிரித்தார்.

சாகாத ஐந்தையும் கேட்டு வாங்கி, ஏழாம் நம்பர் தவிர்ந்த இருபத்திமூன்று பலகையையும் ஸ்பிரிற் போட்டுத் துடைத்தாள். ஒவ்வொன்றிலும் அரிசிமணி அளவில் ஒரு றெசிஸ்ரரைப் படலைக் கயிறாய் ஒட்டினாள். ஹலீமின் ஆறிலும் ஒட்டினாள். "என்டது நல்லாத்தானே கிடந்திச்சு," என்றார் அவர். "ஊருக்கெல்லாம் ஒரே லைற், நானா," என்றாள். பிறகு வாளியில் கடல்தண்ணீர் அள்ளிவந்து, ஐந்து பலகைகளில் கையாலேயே தெளித்து நிழலில் காயவிட்டாள். காய்ந்ததும் திரும்பத் தெளித்தாள். மூன்று தரம். உப்பு வெள்ளையாய்ப் பூத்தது. ஒரேயொரு செத்த விளக்கை மட்டும் கயிறு ஒட்டாமல் வைத்தாள். ஏழாம் நம்பர். புதன்கிழமை அதில் துடைத்த இடத்தில் உப்புத்தண்ணீரைத் திருப்பித் தெளித்துவிட்டாள். நம்பிக்கையில்லாத ஆளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் காட்டவேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து லோறன்ஸ் வந்தார். வெள்ளைச் சேட், பொக்கற்றில் ஜெபமாலை. பின்னால் பத்துப் பதினைந்து பேர். யோசேப்பும் வந்து வாசற்கட்டில் ஒரு கையை ஊன்றி நின்றார். மேசையை யன்னலோரம் இழுத்து வைத்திருந்தாள், ஒன்பதுமணி வெயில் சாய்ந்து அதன்மேல் விழும்படி. மேசையில் ஏழாம் நம்பர், உப்புப் பூத்த ஐந்து, மீற்றர், ஒரு தாள்க்குழல், அறைத் திறப்பு.

அவள் மீற்றரை வைத்துக் காட்டினாள். லோறன்ஸ் முள்ளைப் பார்த்தார்.

"அந்த மீற்றர் உன்ர ஆள், பிள்ளை. நீ சொல்லச் சொன்னதைச் சொல்லும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குழலை நீட்டினாள். "அப்ப உங்கட கண்ணால பாருங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒற்றைக் கண்ணை மூடி, ஏழாம் நம்பரின் லைற்றில் குழலை வைத்துக் குனிந்தார். கனநேரம் குனிந்தபடியே நின்றார்.

"எரியுது."

"ஓம். இருபது நாளும் பகல்ல எரிஞ்சிருக்கு. இப்ப இதைப் பாருங்கோ."

உப்புப் பூத்த முதலாவதில் வைத்தார். இருட்டு. இரண்டாவதில், மூன்றாவதில். ஐந்தையும் பார்த்தார். பிறகு குழலை வைத்துவிட்டு ஒரு பலகையைத் தூக்கி, கருவாட்டு வியாபாரி பதம் பார்க்கிறதுபோல நாக்கை நீட்டி நக்கினார்.

"உப்புத்தான்," என்றார் பின்னால் நின்றவர்களுக்கு.

யன்னல் கதவை அவள் மெல்லச் சாத்தினாள். அறை இருண்டது. ஐந்து விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிமிட்டத் தொடங்கின. வாசலில் நின்ற ஹலீம் தொண்டையைச் செருமினார். திரும்பத் திறந்தாள். ஐந்தும் தூங்கின.

"அப்ப பிழை உப்பு," என்றார் லோறன்ஸ். "மூடின போத்திலுக்க எங்கால வந்தது உப்பு?"

அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மந்திரிக்கும்போது பெட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். யோசேப் வாசற்கட்டிலிருந்த கையை எடுத்து, அந்தப் பெரிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கடல் சாமானுக்கு உப்பு எங்கால வந்தால் என்ன அண்ணை," என்றாள் அன்ரோனெற். "எங்கால வந்தாலும் நிக்கவேணும். நிக்கிற மாதிரிச் செய்யாதது என்ர பிழை. இப்ப செய்திருக்கிறன். இனி நான் மூடாமல் வைச்சாலும், நீங்கள் எதைத் தெளிச்சாலும், இரண்டு மாதம் நிக்கும். நான்தான் சொல்லுறன்."

ஜெகதீபன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெருமைப்படுகிறபோது அப்படித்தான் எங்காவது பார்ப்பான்.

லோறன்ஸ் கண்ணாடியைப் போட்டார். ஒட்டி முடித்து அலுமாரியில் அடுக்கியிருந்த விளக்குகளில் கை வைத்து, நம்பர் பார்த்து, தன்னுடைய போட்டின் இரண்டையும் எடுத்தார். மூடியை இறுக்கிப் பார்த்தார். காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். பிறகு வாசலை நோக்கித் திரும்பினார். வழியில் நின்றவர்கள் விலகினார்கள்.

அவள் மேசையிலிருந்த திறப்பை எடுத்து நீட்டினாள்.

"அண்ணை, திறப்புக் கேட்டனீங்கள். வேணுமோ, வேண்டாமோ?"

லோறன்ஸ் இரண்டு விளக்கையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போகிறபோக்கில் வாசலுக்கு மேலே சரிந்துபோய் நின்ற தகரத்தை ஒருகையால் தள்ளி நேராக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.